படகின் முகம் எந்தப் பக்கம்

பெனியார்கோ, 14 செப்டம்பர் 1924

சிற்பி டான் எவேலியோ கராஸ்கால் அவர்களுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. என் பெயர் காசில்டா. இந்தத் துறைமுகத்தில் வலை பின்னிப் பிழைக்கிறவள். பதின்மூன்று வருடம் முன்பு புயலில் போன இரண்டு படகுகளில் ஒன்றை நடத்திய தண்டல் தெல்மோ சொலானாவின் மனைவி. அன்று செத்த எல்லோருக்குமாக நீங்கள் மாட்ரிட்டில் வெண்கலச் சிலை செய்கிறீர்கள். அதன் மாதிரியைப் படம் பிடித்து மருந்துக்கடைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறார்கள். பார்த்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் சின்ன விஷயம். உங்கள் சிலைப் படகில் துடுப்பு வலிக்கிற நாலு பேரும் முகத்தை முன்பக்கம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மீன்கடைப் பெண்கள் கூட்டமாய் நின்று சிரித்தார்கள். "ஏண்டி, இவனுங்க படகு வலிக்கிறானுங்களா, கோயில்ல பூசை பாக்குறானுங்களா?" என்றாள் ஒருத்தி. துடுப்பு வலிக்கிறவன் போகிற திசைக்கு முதுகு காட்டித்தான் உட்காருவான். எங்கள் ஊரில் நாலு வயதுப் பிள்ளைக்கும் தெரியும்.

இனி பெரிய விஷயம். சிலையில் படகு ஊரை நோக்கி வருகிறது. பின்னால் நிற்கும் தண்டல் ஊரைப் பார்க்கிறார். அந்தப் புயலில் ஊரை நோக்கி வந்த படகு ஒன்றே ஒன்றுதான், என் கணவருடையது. உடைந்துபோன இன்னொரு படகை அவர் வடம் கட்டி இழுத்து வந்தார். அந்தப் படகில் பிழைத்தவன் சிரியாகோ ஒருவன்தான். "தெல்மோ வடத்தை அறுத்துட்டு ஓடிட்டாரு" என்று விசாரணையில் சொன்னவன் அவன். அறுபட்ட வடம் கரை ஒதுங்கியதும் ஊர் அவன் பேச்சை நம்பிவிட்டது. என் கணவர் துறைவாய்க்குள் வந்துவிட்டு, படகைத் திருப்பி மறுபடி கடலுக்குப் போனதை நான் பாறைமேல் நின்று பார்த்தேன். மனைவி சொன்னால் யார் கேட்பார்கள்?

என் மகன் லினோவுக்கு இருபத்திமூன்று வயது. நல்ல தோள், நல்ல கண். ஆனால் வடத்தை அறுத்தவன் மகனை எந்தப் படகிலும் ஏற்றமாட்டார்கள். மீன் பதனிடும் கொட்டகையில் உப்பு மூட்டை தூக்குகிறான். இதுவரை அது வாய்ப்பேச்சு. ஊரைப் பார்க்கும் படகாக நீங்கள் அதை வெண்கலத்தில் வார்த்து வைத்துவிட்டால், என் பேரன் காலத்திலும் தெல்மோ ஓடிக்கொண்டே இருப்பார். படகைக் கடல் பக்கம் திருப்புங்கள்.

காசில்டா ஹாயா


மாட்ரிட், 2 அக்டோபர் 1924

அம்மா காசில்டா அவர்களுக்கு,

பதினேழு ஊர்களின் சதுக்கங்களில் என் சிலைகள் நிற்கின்றன. தளபதிகள், மருத்துவர்கள், கவிஞர்கள், குதிரைகள் தனி. அவர்களில் யாருடைய மனைவியும் எனக்குப் பாடம் எடுத்ததில்லை. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு மணி நேரம் பட்டறையில் கத்தினேன். உதவியாளர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள்.

துடுப்பு வலிக்கிறவன் எப்படி உட்காருவான் என்று எனக்கும் தெரியும். நான் கோதுமை நாட்டில் பிறந்தவன்தான், ஆனால் இங்கே ரெத்தீரோ பூங்காக் குளத்தில் என் மனைவியை வைத்துப் படகு வலித்துத்தான் கல்யாணத்துக்குச் சம்மதம் வாங்கினேன். தெரிந்தேதான் திருப்பி உட்கார வைத்தேன். பொதுச்சிலை என்பது ஊர் பார்ப்பதற்கு. சிலைக் குழுவின் தலைவர் டான் ஃபாபியான் நாலு பிடரிகளைக் காட்டினால் ஏற்பாரா? அவருக்கு முகம் வேண்டும், எனக்கும் முகம் வேண்டும்.

படகின் திசைக்கும் காரணம் உண்டு. உங்கள் ஊரில் கடல் வடக்கே இருக்கிறது. கடலைப் பார்த்து நிற்கும் சிலையின் முகத்தில் வருடம் முழுக்க வெயிலே விழாது. பகல் பூராவும் கரிச்சட்டிபோல் இருட்டாக நிற்கும். சிற்பி செய்வது பாதிதான், மீதியைச் சூரியன்தான் செய்யவேண்டும். தெற்கே பார்க்கும் முகத்தில் புருவத்தின் நிழல் கண்ணில் விழும், மூக்கின் நிழல் உதட்டுக்கு வரும். வடக்கே பார்க்கும் முகம் ஒரு வெண்கல உருண்டை. உங்கள் கணவரைப் பற்றிக் குழு என்னிடம் எதுவும் சொல்லவில்லை. நான் யாரையும் ஓட வைக்கவில்லை.

ஒரே ஒரு கேள்வி. உங்களை ஏற்றுக்கொண்டேன் என்று நினைத்துவிட வேண்டாம். வலிக்கிறவர்கள் போகிற திசையைப் பார்ப்பதில்லை என்றால், அலை வருவது அவர்களுக்கு எப்படித் தெரியும்? குளத்தில் அலை இல்லை, அதனால் கேட்கிறேன்.

எவேலியோ கராஸ்கால்


பெனியார்கோ, 11 அக்டோபர் 1924

டான் எவேலியோ,

கத்தியது உடம்புக்கு நல்லதுதான்.

அலை வருவது அவர்களுக்குத் தெரியாது. தண்டலின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். அவர் ஒருவர்தான் பின்னால் நின்றபடி முன்னால் பார்க்கிறவர். அவர் கண் சுருங்கினால் வலி, உதடு இறுகினால் நிறுத்து. பெரிய அலை வரும்போது முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்ளத் தெரியாதவன் தண்டல் ஆகமுடியாது. தெல்மோ வீட்டிலும் அப்படித்தான் இருப்பார். கோபமா பசியா என்று கண்டுபிடிக்க எனக்கு ஆறு வருடம் ஆனது.

உங்களுக்கு முகங்கள்தானே வேண்டும்? படகைக் கடல் பக்கம் திருப்புங்கள். வலிக்கிற நாலு பேரும் தானாகவே ஊரைப் பார்ப்பார்கள், வெயிலும் முகத்தில் விழும். யாரையும் பொய்யாக உட்கார வைக்க வேண்டாம். தெல்மோ மட்டும் முதுகைக் காட்டி நிற்பார். அவர் முதுகு ஒன்றும் மோசமில்லை.

டான் ஃபாபியானுக்கு அது பிடிக்காது. உடைந்த படகு அவருடையது. பிழைத்த சிரியாகோ அவர் கொட்டகையில்தான் காவல்காரன். என்னைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போய்விடுவான். நேற்று மீன்சந்தை வாசலில் மடக்கினேன். "ஏண்டா சிரியாகோ, பதிமூணு வருஷமா எந்தக் கல்லு தடுக்கி அந்தப் பக்கமே போற?" என்று கேட்டேன். "எனக்கு நேரமாச்சு காசில்டாக்கா" என்றான். மணி பத்துகூட ஆகவில்லை.

இருட்டான முகம் என்று எழுதுகிறீர்கள். நீங்கள் எங்கள் பாறைமேல் ஒருநாளாவது நின்றிருந்தால் அப்படி எழுதமாட்டீர்கள். வெயில் நாளில் வெளிச்சம் மேலிருந்து வருவதைவிடத் தண்ணீரிலிருந்து அதிகம் வரும். கண் கூசும்.

காசில்டா


மாட்ரிட், 20 நவம்பர் 1924

காசில்டா அம்மா,

ஒரு தகரத் தொட்டி நிறையத் தண்ணீர் ஊற்றி மொட்டைமாடியில் வைத்தேன். அதன் முன்னால் களிமண் தலை ஒன்றை வடக்கே பார்த்து நிறுத்தினேன். தாடையின் அடி, மூக்கின் அடி, புருவத்தின் அடி எல்லாம் கீழிருந்து ஒளிர்ந்தன. இருபத்தாறு வருடமாகச் சிலை செய்கிறவன் நான். எல்லாச் சிலையையும் மேலிருந்து வரும் வெளிச்சத்துக்கே செய்திருக்கிறேன். மாடியிலேயே ஒரு ஆட்டம் போட்டேன். எதிர்வீட்டுக்காரி ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

படகைத் திருப்பிவிட்டேன். குழுவுக்கு இன்னும் சொல்லவில்லை. பிளாஸ்டரில் வந்த பிறகு சொல்வேன். களிமண்ணாக இருக்கும்வரை எல்லோருக்கும் அதில் விரல் வைக்கத் தோன்றும்.

இப்போது எனக்கு ஆள் வேண்டும். மாட்ரிட்டில் கிடைக்கும் ஆட்களுக்கெல்லாம் தட்டு தூக்குகிறவன் தோள்தான். துடுப்பைப் பிடிக்கச் சொன்னால் துடைப்பம்போல் பிடிக்கிறார்கள். "பெனியார்கோவிலிருந்து நாலு பேரை அனுப்புங்கள்" என்று குழுவுக்குத் தந்தி அடித்தேன். சீசன் இல்லை, ஆட்கள் சும்மாதான் இருக்கிறார்கள் என்று பதில் வந்தது. வருகிறவர்களின் முகம் அப்படியே வெண்கலமாகும்.

எவேலியோ


பெனியார்கோ, 29 நவம்பர் 1924

டான் எவேலியோ கராஸ்கால் அவர்களுக்கு,

டான் ஃபாபியான் அனுப்பிய நாலு பேரில் ஒருவன் சிரியாகோ. ரயிலேறிப் போய்விட்டான். புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனானாம். உங்களுக்கு யார் யார் வருகிறார்கள் என்று பெயர் கேட்கக்கூடத் தோன்றவில்லையா?

என் புருஷனைக் கெடுத்தவன் முகத்தை என் புருஷன் படகிலேயே உட்கார வைக்கப் போகிறீர்கள். நான் அதைத் தினமும் வலைக்கூடையோடு கடந்து போகவேண்டும். லினோ கேட்டுவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து போனான். நீங்கள் பெரிய சிற்பிதான், உங்களுக்கு நல்ல தோள் கிடைத்தால் போதும்.

அவனைத் திருப்பி அனுப்புங்கள். இல்லையென்றால் எனக்கு இனிமேல் எழுதவேண்டாம்.

காசில்டா ஹாயா


மாட்ரிட், 18 ஜனவரி 1925

காசில்டா அம்மா,

எழுதவேண்டாம் என்றீர்கள். எழுதித்தான் ஆகவேண்டும். உட்கார்ந்து படியுங்கள்.

உங்கள் கடிதம் கிடைத்தபோது சிரியாகோ பட்டறைக்கு வந்து நாலு நாள் ஆகியிருந்தது. அவன் யார் என்று எனக்கு உங்கள் கடிதம் சொல்லித்தான் உறைத்தது. பெயரைக் கேட்காதது என் தப்பு. அன்றே அனுப்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த நாலு நாளும் அவனிடம் ஒரு விஷயம் என்னை உறுத்திக்கொண்டிருந்தது, அதனால் நிறுத்திவைத்தேன்.

ஒரு பெட்டிமேல் அவனை உட்கார வைத்து, கையில் துடுப்பைக் கொடுத்திருந்தேன். எதிரே தண்டலின் களிமண் உருவம். முகம் நான் உங்கள் மகன் லினோவின் படத்தைக் கொட்டகைத் தொழிலாளர் சங்கத்திலிருந்து வாங்கி, வயதைக் கூட்டிச் செய்தது. மற்ற மூவரும் சொன்னபடி தண்டலைப் பார்த்தார்கள். இவன் மட்டும் அவருடைய சட்டைப் பொத்தானைப் பார்த்தான். அதட்டினால் கண் ஒரு நொடி மேலே போகும், மறுபடி பொத்தானுக்கு வந்துவிடும். எனக்கு அந்தக் கண் வேண்டும். வாரக்கணக்காகக் கேட்டுப் பார்த்தேன். கிறிஸ்துமஸ் போய், ஜனவரி ஆறின் மூன்று ராஜாக்கள் திருநாளும் போய், போன செவ்வாய்க்கிழமை எனக்குப் பொறுமை போய்விட்டது.

"யோவ், கண்ணைப் பாருய்யா! படகு வலிக்கிறவன் தண்டலோட கண்ணைத்தான் பாப்பான்னு அந்தம்மா எழுதியிருக்கு!"

"எந்தம்மா?"

"தெல்மோவோட பொண்டாட்டி."

துடுப்பைக் கீழே வைத்துவிட்டான். நான் கையில் இருந்த களிமண்ணைப் பிசைந்துகொண்டே நின்றேன். அவனே சொன்னான்.

"அறுத்தது நாந்தான் ஐயா. அவரு இழுத்த இழுப்புல எங்க படகு மூக்கு தண்ணிக்குள்ள போச்சு. எல்லாரும் கத்துறாங்க. கத்தி என் கையில இருந்துச்சு. அறுத்துட்டேன். அவரு துறைக்குள்ள போயிட்டாரு, தப்பிச்சிட்டாரு. அப்புறம் படகைத் திருப்பினாரு. எங்களைத் தேடி வந்தாரு. அலைமேல நின்னப்ப அவரு மூஞ்சிய நான் பாத்தேன்."

"அப்ப ஏன்யா மாத்திச் சொன்ன?"

"நான் சொல்லல. கரையில தூக்கிப் போட்டாங்க, வாயெல்லாம் மணல். டான் ஃபாபியான் குனிஞ்சு, 'யாரு அறுத்தது, தெல்மோவா?'ன்னு கேட்டாரு. தலையாட்டிட்டேன். விசாரணையில அதையே திருப்பிக் கேட்டாங்க. அதையே சொன்னேன். அப்புறம் எப்படித் திரும்ப வாங்குறது அதை?"

உங்களிடம் சொல்லவேண்டாம் என்று அழுதான். "கண்டிப்பா சொல்லுவேன், ஆனா நீ முந்திக்கலாம், ஒரு வாரம் தாரேன்" என்றேன். மறுநாள் ரயிலுக்கே கிளம்பிவிட்டான். போகும் முன் பெட்டிமேல் வந்து தானாகவே உட்கார்ந்தான். ஒரு மணி நேரம் தண்டலின் கண்ணைப் பார்த்தான். நான் செய்துகொண்டேன். என் வாழ்நாளில் அப்படி ஒரு தலை செய்ததில்லை, அதை மறைத்து எழுதமாட்டேன்.

ஆனால் படகு உங்களுடையது. வேண்டாம் என்றால் அந்தத் தலையை உடைத்துவிட்டு வேறு முகம் வைக்கிறேன். மார்ச்சில் வெண்கலம் ஊற்றுகிறார்கள். அதற்குள் சொல்லுங்கள்.

எவேலியோ


பெனியார்கோ, 9 பிப்ரவரி 1925

டான் எவேலியோ,

உங்கள் கடிதத்துக்கு முன்னாலேயே அவன் வந்துவிட்டான். மூன்று நாள் சாயங்காலமும் என் வாசலில் நின்றான். நான் கதவைத் திறக்கவில்லை. என்னிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? எனக்குத்தான் தெரியுமே. மூன்றாம் நாள் ஜன்னலைத் திறந்து, "எங்க பொய் சொன்னியோ அங்க போய்ச் சொல்லுடா" என்றேன்.

போனான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மீனவர் சங்கத்தில் எல்லாத் தண்டல்களும் கூடியிருந்தபோது உள்ளே போய் நின்று சொல்லிவிட்டான். நான் கூடத்தின் பின்னால் மற்றப் பெண்களோடு நின்று கேட்டேன். யாரும் அவனை அடிக்கவில்லை. கிழட்டுத் தண்டல் ஒருவர் மட்டும் தொப்பியைக் கழற்றினார். அப்புறம் வரிசையாக எல்லோரும் கழற்றினார்கள். எனக்கு அழுகை வரவில்லை. வந்தது கோபம்தான். ஒரு தலையாட்டலுக்குப் பதின்மூன்று வருடம்! வீட்டுக்கு வந்து இரண்டு தட்டுகளைப் போட்டு உடைத்தேன். அதன் பிறகுதான் அழுதேன்.

மறுநாளே டான் ஃபாபியான் அவனைக் காவல் வேலையிலிருந்து நீக்கிவிட்டார். "அப்படின்னா நான் சொல்லிக்கொடுத்தேனா?" என்று ஊரெல்லாம் கத்திக்கொண்டு திரிகிறார். ஊர் கேட்டுக்கொண்டே தன் வேலையைப் பார்க்கிறது.

தலையை உடைக்கவேண்டாம். இருக்கட்டும். என் புருஷன் அவனைத் தேடித்தானே திரும்பிப் போனார். ஏற்றிக்கொள்ளத்தான் போனார். ஏற்றிக்கொண்டதாக இருக்கட்டும்.

ஆனால் லினோவை இன்னும் யாரும் படகுக்கு அழைக்கவில்லை. மரியாதையாகப் பேசுகிறார்கள், அவ்வளவுதான். இத்தனை வருடம் உப்பு சுமந்தவனுக்குக் கடல் தெரியுமா என்று யோசிக்கிறார்கள் போலிருக்கிறது.

காசில்டா


மாட்ரிட், 30 மே 1925

காசில்டா,

வெண்கலம் குறையில்லாமல் இறங்கிவிட்டது. துடுப்பு ஒன்றில் மட்டும் குமிழி இருந்தது, அடைத்துவிட்டோம். வரும் வாரம் மூன்று பெட்டியாக ரயிலில் வருகிறது.

குழுவோடு பெரிய சண்டை. திறப்பு விழாவில் கவர்னர் உட்காரும் மேடைக்குச் சிலை முதுகைக் காட்டக்கூடாது என்று டான் ஃபாபியான் நாலு கடிதம் போட்டார். கடைசியில் "பீடத்தின்மேல் ஏற்றும்போது நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று எழுதினார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிலையைப் பீடத்தில் பிடிக்கும் கம்பிகள் ஐந்து. பீடக்கல்லில் துளைகளை என் ஆளே வந்து போட்டுவிட்டான். இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் இரண்டு, தூரமும் ஒன்றுக்கொன்று ஒட்டாது. படகு வடக்கே பார்த்தால்தான் உட்காரும். தெற்கே திருப்பினால் ஒரு கம்பிகூட இறங்காது. வேண்டுமானால் கையில் பிடித்துக்கொண்டு நிற்கட்டும்.

திறப்பு விழாவுக்கு வர முடியாது. தெற்கே ஒரு ஊரில் இன்னொரு தளபதிக்குக் குதிரை ஏற்றவேண்டும். நல்ல குதிரை. ஆனால் உங்கள் படகைப்போல் ஒன்றை நான் இனி செய்வேனா என்று தெரியவில்லை. செய்வேன். எப்படியும் செய்வேன். கடற்கரையில் யாராவது கேட்டால் முதலில் உங்களுக்குத்தான் எழுதிக் கேட்பேன்.

எவேலியோ


பெனியார்கோ, 21 ஜூலை 1925

எவேலியோ,

கார்மேல் மாதா திருநாளன்று திறந்தார்கள். காலையிலிருந்தே வெயில். துணியை இழுத்ததும் வலிக்கிற நாலு பேர் முகமும் பளிச்சென்று ஊரைப் பார்த்தன. தெல்மோவின் முதுகு கவர்னருக்கு நேராக. கவர்னர் குனிந்து, "இவர் ஏன் நமக்கு முதுகைக் காட்டுறார்?" என்று டான் ஃபாபியானிடம் கேட்டார். அவர் வாய் திறக்கும் முன் நண்டு விற்கிற பிலோமெனா உரக்கச் சொன்னாள்: "அவரு வேலையா போறாருங்க!" கூட்டம் முழுக்கச் சிரித்தது. கவர்னரும் சிரித்துவிட்டார். அவரே சிரித்த பிறகு டான் ஃபாபியானால் என்ன செய்யமுடியும்?

பேச்சுகள் முடிந்ததும் நான் அலைதடுப்புச் சுவரைச் சுற்றி அந்தப் பக்கம் போய் நின்று முகத்தைப் பார்த்தேன். மூக்கு லினோவுடையது. மற்றதெல்லாம் அவர்தான். கோபமா பசியா என்று தெரியாத அதே முகம். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்கமாட்டேன். கேட்டால் இன்னும் பத்துச் சிலைக் கதை சொல்வீர்கள்.

எழுத உட்கார்ந்தது இதற்கில்லை. எங்கள் ஊரில் கடலுக்குக் கிளம்புகிற நாளில் விடியுமுன் ஒரு பெண் தெருத்தெருவாக வந்து, படகுக்குப் போகிறவர்களை வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். பதினாலு வருடமாக அவள் எங்கள் வீட்டைத் தாண்டிப் போவாள். அவள் செருப்புச் சத்தம் எங்கள் வாசலில் வேகமாகும். இன்று நின்றது. "லினோ சொலானா! எந்திரிய்யா, தண்டல் கூப்பிடுறாரு!" என்றாள். இரண்டாம் தடவை கூப்பிடுமுன் அவன் கால்சட்டையோடு நிற்கிறான். படுக்கும்போதே போட்டுக்கொண்டு படுத்திருக்கிறான். இத்தனை வருடமாய் அப்படித்தான் படுத்தானோ என்னவோ, எனக்குத் தெரியாது. தலை வாரக்கூட நிற்கவில்லை. ரொட்டியும் வெங்காயமும் நான்தான் ஓடிப்போய்க் கொடுத்தேன்.

அவன் தெருமுனை திரும்பிய பிறகு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இதற்காகத்தானே ஊரோடும் உங்களோடும் சண்டை போட்டேன். கிடைத்துவிட்டது. எனக்குச் சந்தோஷம்தான், பயமும்தான். ஒன்றுக்காக மற்றதை விடமாட்டேன்.

மத்தியானத்திலிருந்து பாறைமேல் மற்றப் பெண்களோடு உட்கார்ந்திருக்கிறேன். மடியில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன், கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள். காற்று நன்றாக இருக்கிறது. படகுகள் வர ஆரம்பித்துவிட்டன. துறைக்குள் திரும்பி வரும்போது வலிக்கிறவர்களின் முதுகுதான் கரைக்குத் தெரியும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. இங்கே ஒவ்வொருத்தியும் முதுகைப் பார்த்தே, "அதோ என் ஆளு" என்று எழுந்து இறங்கிப் போகிறாள். எனக்குத்தான் லினோவின் முதுகு எது என்று இன்னும் தெரியவில்லை. ஒவ்வொரு படகுக்கும் எழுந்து எழுந்து நிற்கிறேன்.

காசில்டா